எங்கள் வீட்டுச் சித்திரக்கதைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் மாத்தளை மாவட்டத்து இந்துக் கல்லூரித் தமிழாசிரியர், பயிற்றப்பட்ட பட்டதாரி.)



இத்தொடரில் சங்கப் பாடல்களைப் பற்றியும் ஈழத்துச் சிறுகதைகளைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அத்தகைய பெருமை வாய்ந்ததன்று. காமிக்ஸ் என்று சிறுவர்களும் படக்கதை என்று பெரியவர்களும் சொல்லுகின்ற சித்திரக்கதைகளைப் பற்றியே பேசப்போகிறேன். “தமிழ் படிப்பிக்கிற ஆளுக்கு இது என்னத்துக்கு?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆயினும் எங்கள் குடும்பத்தில் எழுத்தறியாத ஒருவருக்கும், கண்பார்வை குன்றிய ஒருவருக்கும், பரீட்சைக்கு வெளியே தமிழ்ப் புத்தகத்தைத் தொடாத ஒருவருக்கும் கதை போய்ச் சேர்ந்த வழி இதுவாகவே இருந்தபடியால், இதை விட்டு வேறொன்றைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்து இப்போதும் படிப்பிக்கின்ற மாத்தளை மாவட்டத்துக்குச் சித்திரத்தில் கதை சொல்வது புதிதன்று. தம்புள்ளைக் குகைக் கோயிலும் சீகிரியாக் குன்றும் எங்கள் மாவட்டத்திலேதான் இருக்கின்றன. தம்புள்ளையின் குகைக் கூரைகளில் புத்தர் பெருமானின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் வரையப்பட்டிருக்கின்றன. மாரனின் படைகள் அவரைச் சூழ்ந்து நிற்கும் காட்சிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு எவரும் எழுத்துக் கூட்டிக் கதை சொல்ல வேண்டியதில்லை. சீகிரியாவில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. ஓவியத்துப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிச் சுவரிலே சிங்களத்தில் கவிதை கீறிவிட்டுப் போனார்கள். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை அவ்வாறு எழுதப்பட்டவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான 1956ஆம் ஆண்டு பதிப்பித்தார். படத்தைக் கண்டால் பக்கத்தில் சொல் எழுதத் தோன்றுவது மனித இயல்பு போலும்.

இனித் தோட்டத்து லயங்களுக்கு வருவோம். என் அப்பாயி, அதாவது தந்தையாரின் தாயார், இறப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளி. கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பளத்துக்குப் பெருவிரல் பதிப்பார். ஆனால் அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அவருக்கு நன்றாகத் தெரியும். அக்காலத்தில் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் என்று வரும். இடையிடையே படங்களும் இருக்கும். லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் குப்பி லாம்பு வெளிச்சத்தில் இராகம் போட்டுப் படிப்பார். இஸ்தோப்பில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கோயில்களில் புராணபடனம் நடக்கையில் ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றவர் பயன் சொல்வதை நேயர்கள் அறிவீர்கள். லயத்தில் பயன் சொல்வதற்கென்று தனியாள் கிடையாது. கேட்பவர்களே ஆளுக்கொரு பயன் சொல்வார்கள். அதில் சண்டையும் வரும். என் தந்தையார் சித்திரக்கதையை லயத்துக்குக் கொண்டுவந்தபோது அதற்கான சபை ஏற்கெனவே அங்கே கூடியிருந்தது என்பதைச் சொல்லவே இவ்வளவும் கூறினேன்.

அப்பா எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். சிறு வயதில் அவருக்குக் கிடைத்தது அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய அந்தச் சஞ்சிகை இப்போது நின்றுபோய்விட்டது. உருவிய வாளும் தோளில் வேதாளமுமாக விக்கிரமாதித்தன் நடக்கின்ற, ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை மறந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். சலூனில் முடி வெட்டக் காத்திருக்கும்போது வாசித்ததாக அப்பா சொல்வார். தம் முறை வந்தாலும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து வாசித்தாராம்.

1970களின் முற்பகுதியில் அன்றைய அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. ஈழத்து எழுத்துக்கு அதனால் நன்மை விளைந்தது; வீரகேசரிப் பிரசுர நாவல்கள் செழித்த காலம் அதுவே. ஆனால் சித்திரக்கதை வாசகனுக்கு அது வறட்சிக் காலம். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பவர் முத்து காமிக்ஸை ஆரம்பித்தது 1972இல். அங்கே ஊற்றுத் திறந்த வேளையில் இங்கே கதவு சாத்தியிருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகுதான் முத்து காமிக்ஸ் அப்பாவின் கைக்கு எட்டியது. பெரும்பாலும் பழைய பிரதிகள். அட்டை கிழிந்தவற்றுக்கு விலை குறைவு என்பதால் அட்டை கிழிந்தவற்றையே தேடி வாங்குவார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கடையில் வேலை செய்த சிங்கள நண்பர் ஒருவர் ‘சத்துட்ட’, ‘சித்தர’ முதலிய சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளை வாராவாரம் வாங்குவார். 1951இல் ‘லங்காதீப’ பத்திரிகையில் ஜீ. எஸ். பெர்னாண்டோ வரைந்த ‘நீலா’ தொடங்கிச் சிங்களத்தில் சித்திரக்கதை ஒரு பெரிய மரபாக வளர்ந்தது. 1970களில் அதற்கென்றே தனிப் பத்திரிகைகள் விற்பனையாகின. அப்பா சிங்கள எழுத்தைக் கற்றது அவற்றில்தான். படம் பொருளைச் சொல்லிவிடும். பொருளிலிருந்து எழுத்துக்கு வருவார். அ, ஆ என்று நாங்கள் தொடங்குகிற முறைக்கு இது தலைகீழ்.

தமிழில் நம் நாட்டவர் அப்படியொரு மரபை உண்டாக்கினார்களா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம் போன்ற அருமையான கேலிச்சித்திரக்காரர் நமக்குக் கிடைத்தார். அவருடைய சவாரித் தம்பரை அறியாத வீடு அக்காலத்தில் குறைவு. ஆனால் தோட்டத்துப் பையன் ஒருவன் நாயகனாகி நாற்பது பக்கம் ஓடுகிற சித்திரக்கதைப் புத்தகம் எங்கள் கைக்கு வரவேயில்லை. இந்தக் குறையை நான் இன்றும் உணர்கிறேன்.

அப்பா வாங்கியவை ஒரு தகரப் பெட்டியில் கடையின் மாடியில் இருந்தன. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அந்தக் கடையும் எரிந்தது. அப்பா உயிர் தப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது நான்கு வயது. அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஏதாவதொரு கதையைப் பற்றிக் கேட்டால் மட்டும் “அது பெட்டியோட போச்சு” என்பார். அதனால் எங்கள் வீட்டில் சித்திரக்கதைகள் இரண்டு வகையாயின. பெட்டிக்கு முந்தியவை ஒரு வகை, பெட்டிக்குப் பிந்தியவை மற்றொரு வகை. முந்தியவற்றை நான் கண்ணால் கண்டதில்லை. அப்பா வாயால் சொல்லக் கேட்டதுதான்.

சரியாக ஓராண்டு கழிந்து, 1984 ஜூலையில், தமிழகத்தில் இரண்டு வெளியீடுகள் பிறந்தன. ஒன்று தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸ். மற்றது லயன் காமிக்ஸ். லயனைத் தொடங்கியவர் முத்து காமிக்ஸ் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இவை எங்கள் ஊருக்கு வந்து சேர மாதங்கள் பிடித்தன. அப்பா மறுபடியும் வாங்கத் தொடங்கினார். இம்முறை பெட்டி இல்லை. தலையணைக்குக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் வாசிப்பு நடக்கும். அப்பா எழுத்தைப் படிப்பார். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கண் கூர்மை. படத்தை அவர் பார்ப்பார். “நீ படிச்சது சரியில்லடா. இவன் கையில துப்பாக்கி இல்ல, கீழ கெடக்கு” என்று திருத்துவார். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு பக்கம் முழுமையாகும். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். நான் எழுத்துக் கூட்டக் கற்றது அந்த இடத்தில்தான்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸின் முதல் இதழ் நாயகன் அவனே. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன். கதையைத் தொடங்கி எழுதியவர் கென் பல்மர், படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளன், உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துபோவான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இக்கதையை முதன்முறை கேட்டபோது அப்பாயி கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தில் பழமொழியாகிவிட்டது.

“ஏன்டா, நம்ம லயத்துக்கு வந்தா அவன் என்னா செய்வான்? இங்கதான் கரண்டே இல்லியே.”

இன்னொரு கேள்வியும் கேட்டார். காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரனின் கதைகள் 1990 முதல் ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்தன. அமெரிக்கரான லீ பால்க் 1936இல் படைத்த பாத்திரம். தந்தை இறந்தால் மகன் அதே உடையை அணிந்துகொள்வான். வெளியுலகம் அவனுக்குச் சாவே இல்லை என்று நம்பும். இன்றைய வீரன் அவ்வரிசையில் இருபத்தோராமவன். எனக்கு அதில் பெரும் மயக்கம். படங்களை உற்றுப் பார்த்த அப்பாயி, சிம்மாசனத்தில் வெள்ளைக்காரனும் சுற்றிவரக் கறுத்த மனிதரும் இருப்பதைக் கண்டு, “இவரும் தொரதானா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பட்டப்படிப்பில் காலனித்துவ இலக்கியம் பற்றிய விரிவுரைகள் பல கேட்டேன். அவை எல்லாவற்றிலும் அந்த ஒரு கேள்வியின் விளக்கமே எனக்குக் கேட்டது. சித்திரக்கதைகளில் இப்படிப்பட்ட பார்வை நிறைய உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு மறைத்துவைப்பதைவிட, அப்பாயி மாதிரிக் கேட்கப் பழக்குவது நல்லது என்பது என் எண்ணம்.

தமிழாசிரியன் என்ற முறையில் மொழியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் ஜான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த தொடரொன்று உண்டு. தன் பெயரையே மறந்துபோன ஒருவன், உடலில் பச்சைகுத்தியிருக்கும் பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் கொண்டு தன்னைத் தேடுகிற கதை. மூலத்தில் அந்த ரோமன் எண்தான் தலைப்பு. லயன் காமிக்ஸ் அதற்கு இட்ட பெயர் ‘இரத்தப் படலம்’. கம்பராமாயணத்திலும் கந்தபுராணத்திலும் நாம் காணும் படலம். பாகம் பாகமாக நீளும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எது? 2010இல் அதன் பதினெட்டுப் பாகங்களும் ஒரே தொகுதியாக வந்தபோது அதைக் கையில் வாங்கிய அப்பா எடை பார்ப்பதுபோலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். முத்து காமிக்ஸின் ஆரம்பகால ஆசிரியர் முல்லை தங்கராசன் முதல் எத்தனையோ பேர் இவ்விதம் பெயர் சூட்டினார்கள். சட்டித்தலையன் என்று ஓர் இயந்திர மனிதனுக்குப் பெயரிட எவ்வளவு துணிவு வேண்டும்! ‘டுமீல்’, ‘தடால்’, ‘சர்ர்ர்’ என்று வருகிற ஒலிக்குறிப்புகளை வைத்தே நான் வகுப்பில் பாடம் நடத்துகிறேன். ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு மாணவர் எடுத்துக்காட்டுத் தேடி அலைவதில்லை.

மொழிபெயர்ப்பு எல்லாமே சிறப்பென்று சொல்லமாட்டேன். பக்கத்தைச் சுருக்கக் கதையை வெட்டி, குமிழுக்குள் எழுத்தைத் திணித்து, தாளும் மையும் கண்ணைக் கெடுக்கும் இதழ்கள் பல வந்தன.

இத்துறையே குடும்பத் தொழிலாக நடப்பது விந்தையானது. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழருக்கு மிக நெருக்கமான டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் தோன்றியவன். எழுதியவர் ஜான் லூயிஜி பொனெல்லி, வரைந்தவர் அவுரேலியோ கலெப்பினி. பொனெல்லியின் மகன் செர்ஜியோ பதிப்பகத்தை நடத்தியதோடு, தந்தையின் நிழலில் நிற்க விரும்பாமலோ என்னவோ, கீதோ நொலித்தா என்ற புனைபெயரில் டெக்ஸ் கதைகளும் எழுதினார். 2011இல் அவர் மறைந்தபின் அவர் மகன் தாவிதே பொறுப்பேற்றார். மிலானில் மூன்று தலைமுறை, சிவகாசியில் தந்தையும் மகனும். வாங்கி வாசிப்பவர்களும் அப்படியே தொடர்ந்தார்கள் என்பதற்கு எங்கள் வீடு சாட்சி.

பாடசாலையில் இதற்கு வரவேற்பு இருந்ததில்லை. நான் படித்த காலத்தில் கொப்பிக்குள் ஒளித்துவைத்து வாசித்தோம். இன்று ஒளித்துவைப்பாரும் இல்லை. பிள்ளைகள் வாசிப்பதே குறைவு. தரம் 7இல் வாய் திறவாத மாணவன் ஒருவன் இருந்தான். டெக்ஸ் கதையின் ஒரு பக்கத்தில் பேச்சுக் குமிழ்களின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பிரதியெடுத்து, நீங்களே எழுதுங்கள் என்று வகுப்பில் கொடுத்தேன். அவன் குதிரை வண்டிக்காரனைக் கண்டி பஸ் கண்டக்டராக்கிவிட்டான். “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, எடமிருக்கு” என்று அமெரிக்கப் பாலைவனத்தில் அவன் கத்துகிறான். வகுப்பு முழுதும் சிரித்தது. அதன்பின் அவன் எழுதத் தயங்கியதில்லை. எழுத்துப்பிழைகள் ஏராளம். அவற்றைத் திருத்த எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வீட்டில்தான் எனக்கு வழி தெரியாமல் இருந்தது. என் மகள் படங்களில் கதை வாசிப்பவள்தான். ஆனால் அவள் வாசிப்பது ஜப்பானிய மங்கா, கைத்தொலைபேசியில், ஆங்கிலத்தில். வலமிருந்து இடமாக வாசிக்கும் புத்தகம் என்று அவள் விளக்கியபோது அப்பா “அப்ப முடிவு முன்னுக்கே தெரிஞ்சிடுமே” என்றார். அப்பாவுக்கு நீரிழிவினால் பார்வை மங்கி, அப்போது பெரிய எழுத்தும் தெரியாத நிலை. தாத்தாவும் பேத்தியும் ஒரே வீட்டில் இரண்டு மொழியில் ஒரே பைத்தியத்தோடு இருந்தார்கள். இடையில் நான்.

2022ஆம் ஆண்டு நாட்டில் நேர்ந்த நெருக்கடி நினைவிருக்கும். மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தது. கடதாசி இல்லாமல் பத்திரிகைகள் மெலிந்தன. இந்திய ரூபாவில் விலையிட்ட புத்தகத்தை நம் பணத்தில் கணக்குப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்துக்குத் தலை சுற்றும். அந்த நாட்களில் ஒரு மாலை கைத்தொலைபேசி செத்துப்போக, செய்வதறியாமல் இருந்த மகள் தாத்தாவின் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு. நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து கொண்டுவந்து தந்தது. அப்பா பெட்டியோடு இழந்த கதைகளுள் ஒன்று. கையில் வாங்கியபோதே அவரால் வாசிக்க முடியாது போயிற்று.

மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் உரக்க வாசித்தாள். குமிழுக்குள் இருப்பதை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கம் பொறுத்திருந்த அப்பா, “எழுத்து போதும் பாப்பா. படத்தச் சொல்லு” என்றார்.

அங்கேதான் அவள் திணறினாள். குமிழுக்குள் இருப்பதை யாரும் வாசித்துவிடலாம். படத்துக்குச் சொல் இல்லை. அதை வாசிப்பவரே உண்டாக்க வேண்டும். “ஒரு ஆள் ஓடுறான்” என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டார். “வேலிக்கு அந்தப் பக்கம்.” வேலி மரமா கம்பியா? “கம்பி. முள்ளுக் கம்பி. சட்டை மாட்டிக்கிட்டு.” சட்டை கிழிந்ததா? இப்படியே போனது. புடைப்பு, விளிம்பு, சரிவு, பதுங்குதல் என்று அவள் வாயில் நான் அதுவரை கேட்டிராத தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. தெரியாத இடத்தில் ஆங்கிலத்தைச் சொல்லி, தாத்தாவிடம் தமிழை வாங்கினாள். கட்டுரை எழுதச் சொல்லி நான் ஆறு மாதம் கெஞ்சியும் வராத மொழி அது.

ஒரு கட்டத்தில் மாயாவிக்கு மின்சாரம் கிடைக்காமல் உருவம் வெளிப்பட்டுவிட, “இங்கதான் கரண்டே இல்லியே” என்று அப்பா இருட்டில் இருந்து சொன்னார். மகளுக்கு விளங்கவில்லை. அப்பாயியை அவள் கண்டதில்லை. லயத்தைப் பற்றியும் குப்பி லாம்பைப் பற்றியும் அப்பா அன்றைக்குத்தான் அவளிடம் விரிவாகச் சொன்னார். எரிந்த பெட்டியைப் பற்றியும் சொன்னார். எனக்கும் அதுவரை சொல்லாத சில விஷயங்கள் அதில் இருந்தன. அவற்றை இங்கே கூற நான் விரும்பவில்லை.

மின்வெட்டு ஓய்ந்த பிறகும் அந்த வாசிப்பு நிற்கவில்லை. மகள் மங்காவை விட்டுவிடவுமில்லை. அதையும் தமிழில் தாத்தாவுக்குச் சொல்கிறாள், முடிவிலிருந்து தொடங்குகிறாள் என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். சில சமயம் பழைய கதையில் ஒரு படத்தை அவள் சொல்லும்போது, “இல்ல, சன்னல் இடப் பக்கம்” என்பார். அவள் வலப் பக்கம் என்பாள். புத்தகத்தை என்னிடம் நீட்டுவார்கள். பார்த்தால் பெரும்பாலும் அப்பா சொன்னதே சரியாக இருக்கும். நாற்பது வருடத்துக்கு முன் எரிந்துபோன தாளிலிருந்து அவர் அதைப் பார்த்துச் சொல்கிறார்.

இப்போது அவள் ஒரு சீ.ஆர். கொப்பியில் அந்தப் பெட்டியில் இருந்தவற்றின் பட்டியலை எழுதி வருகிறாள். பெயர் நினைவில்லாதவற்றுக்கு, அப்பா சொல்லும் ஒரு படத்தை இரண்டு வரியில் எழுதி வைக்கிறாள். இதுவரை முப்பத்தொன்று சேர்ந்திருக்கின்றன. மறுபதிப்பாகக் கிடைத்தவற்றுக்கு நேரே சரி அடையாளம் இட்டிருக்கிறாள். அவை நான்கு. ஐந்தாவதைப் பற்றி அவளுக்கும் அப்பாவுக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. அட்டையில் இருந்த கப்பல் அதே கப்பல்தானா என்பது கேள்வி.